நடைக்கோடியில் முள்சங்கு

அந்தத் தெருவில் கதவு எண்ணைச் சொல்லி வழி கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். சிப்பி வீடு எது என்று கேட்டால், முனையில் இருக்கும் தையல்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் கத்தரிக்கோலாலேயே மாடியைக் காட்டிவிடுவார். வீட்டுக்காரிக்கும் சிப்பிக்காரி என்றே பேர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பேரை அவளே எப்போதாவதுதான் நினைத்துக்கொள்வாள்.

அவளுடைய வேலை பொய்ப்பல் செய்வது. பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, கடைசியில் சின்ன மோட்டாரில் தேய்த்து வழவழப்பாக்குகிற பட்டறை அது. சேர்ந்த அன்றைக்கே முதலாளி சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றுதான்: கண்ணை நம்பாதே, விரலை நம்பு. கண்ணுக்குப் பளபளவென்று தெரிகிற செட்டில் விரல்நுனி ஒரு சொரசொரப்பைக் கண்டுபிடிக்கும். அதைக் கோட்டைவிட்டால் எங்கோ ஒரு பெரியவரின் வாய் புண்ணாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஊரார் பல்லைத் தடவிப் பிழைக்கிறேன் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கடற்கரை. அலை ஒதுக்கிவிட்டுப் போனதையெல்லாம் குனிந்து குனிந்து பொறுக்குவாள். வீட்டுக்கு வந்ததும் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவைப்பாள். பட்டறையில் மிஞ்சுகிற பிளாஸ்டரைப் பசையோடு குழைத்துச் சுவரில் ஒட்டுவாள். கண்ணாடியைச் சுற்றிச் சிப்பி, அலமாரி விளிம்பில் சிப்பி, மின்விசிறி சுவிட்சைச் சுற்றியும் சிப்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "என் தலையில மட்டும்தான் இன்னும் ஒட்டல. வழுக்கையில பசை நிக்காதுன்னு விட்டு வெச்சிருக்கா."

வீட்டின் நடுவே ஒரு நடை. ஜன்னல் கிடையாது. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டுப்படும், அவ்வளவு குறுகல். நடைக்கோடியில் எதிரும் புதிருமாக இரண்டு கதவுகள். இடது பக்கம் குளியலறை. வலது பக்கக் கதவைத் திறந்தால், ஓர் அடிகூட இடைவெளி இல்லாமல், தெருவுக்கு இறங்கும் செங்குத்தான மாடிப்படி. இரண்டு கதவுக்கும் ஒரே பச்சை வர்ணம், ஒரே மாதிரித் தாழ்ப்பாள். இரண்டையும் செய்த தச்சர் அதிகம் யோசிக்கிற ஆள் இல்லை போலிருக்கிறது. அழகுக்காகச் சிப்பிக்காரி குளியலறைக் கதவோரம் ஒரு கைப்பிடி சோழிகளைக் கொத்தாகப் பதித்திருந்தாள். மாடிப்படிக் கதவோரம் ஒரே ஒரு முள்சங்கு. உடம்பெல்லாம் முள்ளாக, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். அவள் சேகரித்ததிலேயே அதுதான் பெரிது.

இந்த வீட்டுக்குத்தான் நாத்தனார் வந்து சேர்ந்தார். கணவருக்கு அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். வாழ்நாளெல்லாம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அச்சகத்தை மூடியதும் தம்பி போய் அழைத்து வந்துவிட்டார்.

பிழை திருத்தும் தொழிலைவிட்டு வந்தாரே தவிர, அந்தப் புத்தியை விட்டுவிட்டு வரவில்லை. துணி மடித்திருந்தால் ஓரம் சேரவில்லை என்பார். தண்ணீர்க் குவளையை வைத்தால் அடியில் ஈரம் என்பார். காலையில் முன்னறை ஜன்னலோரம் செய்தித்தாளோடு உட்கார்ந்து, யாரோ விட்ட எழுத்துப்பிழைக்கு இவளைக் கூப்பிட்டுத் திட்டுவார். "பாரும்மா, ஒரு கால் விட்டுப்போச்சு. காசு வாங்கிக்கிட்டுத்தானே வேலை பாக்குறான்?" சிப்பிக்காரி பல்லைக் கடித்துக்கொள்வாள். பல் அவள் தொழில் என்பதால் எவ்வளவு கடித்தால் தேயும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டவளுக்கு ஒன்றை மட்டும் பொறுக்க முடியவில்லை. நாத்தனார் நடையில் போகும்போதும் வரும்போதும் சுவரைத் தடவிக்கொண்டே போவார். சமையலறை வாசலில் இருந்த விசிறிச் சிப்பியை ஒரு தடவு. நடைக்கோடியில் நின்று சோழிக் கொத்தை நிதானமாக ஒரு தடவு.

"தூசி இருக்கான்னு பாக்குறாங்க," என்றாள் கணவரிடம்.

"அவங்களுக்கு வேற வேலை இல்லையா?"

"இல்ல, அதான் பாக்குறாங்க. ஒருநாள் விரல்ல அழுக்கு ஒட்டட்டும், அப்ப இருக்கு எனக்கு."

முதலில் தினமும் துடைத்தாள். துடைத்தும் தடவல் நிற்கவில்லை. கைப்பட்டுக் கைப்பட்டுச் சோழிகளின் வெள்ளை மங்கி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறியது. எத்தனை வாரம் கடற்கரையில் நடந்து பொறுக்கியவை! வாயைத் திறந்து, "அண்ணி, கை வெக்காதீங்க," என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், "ஏன், துடைக்கிற கை வலிக்குதோ?" என்று பதில் வரும் என்று அவளே கற்பனை செய்து, அந்தக் கற்பனைக்கே கோபப்பட்டாள். நாத்தனார் செய்ததில் பாதி, இவளாக மனசுக்குள் எழுதிக்கொண்டது. பிழை திருத்த அங்கே யாரும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அந்த யோசனை வந்தது. நாத்தனார் மாடிப்படிக் கதவுப் பக்கம் போவதே இல்லை. வெளியே போவது அபூர்வம், அதுவும் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டுதான். சோழிகளைப் பெயர்த்து அந்தப் பக்கம் ஒட்டிவிட்டால் கை படாது. சரி, குளியலறைக் கதவோரம் வெறுமையாகிவிடுமே, அங்கே எதை வைப்பது? முள்சங்கை வைப்பது. தடவட்டும், நன்றாகத் தடவட்டும்!

நாத்தனார் முன்னறையில் கண்ணயர்ந்த நேரம் பார்த்து வேலையை முடித்தாள். அழகுக்காக மாற்றினேன் என்று யாராவது கேட்டால் சொல்லலாம். யாரும் கேட்கப்போவதில்லை என்றாலும் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை.

அன்று சாயங்காலம். நடையில் பல்பு போய் ரொம்ப நாளாகியிருந்தது. "பழகின வீடுதானே, எதுக்கு விளக்கு?" என்று நாத்தனாரே சொல்லிவிட்டதால் தம்பியும் மாற்றவில்லை. சிப்பிக்காரி முன்னறையில் ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குச் சிப்பி ஒட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் எழுந்து நடைக்குள் போனார். சமையலறை வாசல் தாண்டியது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. பிறகு, "ஸ்ஸ்..." என்று ஒரு சத்தம்.

குத்திவிட்டது. சிப்பிக்காரி குனிந்த தலை நிமிராமல் சிரித்தாள்.

அடுத்து ஒரு தாழ்ப்பாள் விலகியது. குளியலறைத் தாழ்ப்பாள் க்ரீச்சென்று இழுபடும். இது மாடிப்படிக் கதவினுடையது. சத்தமில்லாமல் வழுக்கி, 'டொக்' என்று மட்டும் நிற்கும். இவங்க எதுக்கு அந்தக் கதவைத் திறக்கிறாங்க என்று நினைத்தாள். எழுந்து போய்ப் பார்க்கலாம் என்றும் நினைத்தாள். கையில் பசை. விட்டால் காய்ந்துவிடும். இந்த ஒன்றை மட்டும் வைத்துவிட்டு...

விழுந்த சத்தம் தெருவரைக்கும் கேட்டது. தையல்காரர்தான் முதலில் ஓடி வந்தார்.

*

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. வந்து பார்த்தவர்களிடமெல்லாம் நாத்தனார் ஒரே பதிலைச் சொன்னார்: "கால் தடுக்கிடுச்சு." கணவரோ வார்டு வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு பல்பு. ஒரே ஒரு பல்பு மாத்த எனக்குக் கையில்லாமப் போச்சே. என் அக்காவை நானே தள்ளிவிட்ட மாதிரி இருக்கு."

சிப்பிக்காரி அவர் தோளைத் தொட்டுத் தேற்றினாள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டும் எழுந்து போகாததைச் சொல்ல வாய் வரை வந்தது. வாய் திறக்கவில்லை. தான் சிரித்த சிரிப்பு யாருக்கும் தெரியாது என்று ஒரு நிம்மதி. அப்படி நிம்மதிப்பட்டதற்கே தன்மேல் அருவருப்பு.

கண் விஷயத்தைக் கண்டுபிடித்தது ஒரு நர்ஸ். பக்கவாட்டிலிருந்து மாத்திரையை நீட்டினால் நாத்தனார் வாங்குவதே இல்லை. நேரே முகத்துக்கு முன்னால் நீட்டினால் வாங்குகிறார். கண் மருத்துவர் வந்து பார்த்தார். கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி, பக்கப் பார்வை முழுக்கப் போய்விட்டது, போய் சில வருஷமாவது இருக்கும் என்றார். வெளிச்சத்தில் நேரே இருப்பது மட்டும் தெரியும், வெளிச்சம் குறைந்தால் அதுவும் இல்லை.

"தினம் பேப்பர் படிக்கிறாங்களே டாக்டர்? எழுத்துப்பிழைகூடக் கண்டுபிடிக்கிறாங்களே?"

"ஒரு குழாய்க்குள்ள பாக்குற மாதிரி ஒவ்வொரு எழுத்தாப் படிச்சிருப்பாங்க. அதைவிட, வீட்டுக்குள்ள எப்படி நடமாடினாங்கன்றதுதான் எனக்குப் புரியல."

நாத்தனாரின் விரல் கட்டில் கம்பியை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரலின் நுனியில் கறுப்பாக ஒரு பொட்டு. முள் குத்தி ஆறிய தழும்பு.

சிப்பிக்காரி அந்த விரலைப் பார்த்தாள். அவ்வளவுதான், அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

வீட்டுக்கு வந்தவள் நடையின் தொடக்கத்தில் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கையைச் சுவரில் வைத்து நடந்தாள். விசிறிச் சிப்பி தட்டுப்பட்டது. ஒட்டியபோது கூராக இருந்த அதன் வரிகள் ஒரே பக்கமாகத் தேய்ந்து மழுங்கியிருந்தன. சமையலறை வந்தாயிற்று. இன்னும் சில எட்டு. இடது கையில் முள். வலது கையில் சோழிகளின் வழவழப்பு. கண்ணைத் திறக்காமலே தாழ்ப்பாளைத் தொட்டாள். கை தானாக வலது பக்கத்துக்குத்தான் போயிற்று.

தூசி பார்க்கவில்லை. வழி பார்த்திருக்கிறார். நாள் முழுக்க விரலால் பார்த்துச் சம்பாதிக்கிற தனக்கு, ஒருத்தி விரலால் பார்க்கிறாள் என்பது தெரியாமல் போயிற்றே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வேறு யார் இந்தத் தப்பைச் செய்திருந்தாலும் மன்னிக்கலாம். அவள் செய்ததை அவளாலேயே மன்னிக்க முடியவில்லை.

அழுது முடித்ததும் பிளாஸ்டர் கத்தியை எடுத்தாள். சோழிகளைப் பெயர்த்து, பிசுக்கைத் துடைக்காமல், பழைய தடத்திலேயே திரும்பப் பதித்தாள். முள்சங்கைக் கையில் எடுத்தபோது அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கடற்கரைக்குக் கொண்டுபோய்த் தன்னால் முடிந்த மட்டும் தூரமாக எறிந்துவிட்டு வந்தாள்.

*

வீடு திரும்பும் நாள் நெருங்கியபோது நாத்தனார் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "நான் அங்க வரல தம்பி. முதியோர் இல்லம் ஒண்ணு பாரு. கண்ணும் இல்ல, காலும் இல்ல. உங்களுக்கு எதுக்குப் பாரம்?"

"அக்கா, வீடு பூரா பல்பு போட்டுட்டேன்க்கா. நடையில மட்டும் மூணு போட்டிருக்கேன்." கணவர் அழாத குறைதான்.

"மூணு சூரியன் வெச்சாலும் எனக்கு ஒண்ணுதான்டா."

மருந்து வாங்கக் கணவர் கீழே இறங்கியதும் அறையில் இருவரும் தனியானார்கள். இப்போது வாயைத் திறக்காவிட்டால் இந்த அம்மாள் அந்த வீட்டுப்படி ஏறவே மாட்டார் என்பது சிப்பிக்காரிக்குத் தெரிந்தது. பக்கவாட்டில் நின்றவள், நகர்ந்து நேரே முகத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணி... முள்சங்கை நான்தான் மாத்தி வெச்சேன்."

"தெரியும்."

"அழகுக்கு இல்ல. வேணும்னே வெச்சேன். உங்க கையில குத்தணும்னு வெச்சேன்."

"அது தெரியாது," என்றார் நாத்தனார்.

"குத்தினப்போ நான் சிரிச்சேன் அண்ணி. தாழ்ப்பாள் சத்தமும் கேட்டுது. கையில பசை இருந்துதுன்னு எந்திரிச்சு வரல."

"படுத்துக் கிடக்குறவளுக்கு வேற என்ன வேலை? தப்பு எங்க நடந்துதுன்னு எழுத்தெழுத்தாத் தேடினேன். சங்கும் சோழியும் இடம் மாறியிருக்கணும்னு கண்டுபிடிச்சேன். அன்னிக்கு இடது பக்கம் முள்ளு குத்தின உடனே என்ன நெனச்சேன் தெரியுமா? சிப்பி பொய் சொல்லாது, என் மண்டைதான் குழம்பிப்போச்சு, இடம் வலம் மறந்துட்டேன்னு நெனச்சேன். உன் சுவரைத்தான் நம்பினேன்மா. என்னை நம்பல."

அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"ஏன் அண்ணி கண்ணு தெரியலன்னு சொல்லல?"

"எப்படிச் சொல்றது? பிழை பாக்குற வேலையில கடைசி ரெண்டு வருஷம் எத்தனை பிழையை விட்டேன்னு எனக்குத்தான் தெரியும். அதையே யாருக்கும் சொல்லாதவ." போர்வையின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். "நான் கண்ணை மறைச்சேன். நீ சங்கை மாத்தினே. எதை முதல்ல திருத்துறது?"

"என்னை மன்னிச்சிடுங்கண்ணி."

"இன்னும் வரல. இடுப்பு வலிக்குது. வந்தா சொல்றேன்." பிறகு, "தம்பிகிட்ட நீயே சொல்லு. அவன் பல்பைக் கட்டிக்கிட்டு அழறான், பாக்கச் சகிக்கல," என்றார்.

அன்றே சொன்னாள். வழுக்கைத் தலையில் சிப்பி ஒட்டுகிற நகைச்சுவையெல்லாம் அன்றோடு அந்த வீட்டில் நின்றுபோனது. அவர் திட்டவில்லை. தட்டில் வைத்ததைத் தின்றார், வேனை எடுத்தார், வந்தார், படுத்தார். பல நாள் அவளுடைய முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அக்காவிடம் மட்டும், "நீ வீட்டுக்கு வரணும். வரலன்னா நானும் அந்த இல்லத்துக்கு வந்துடறேன்," என்றார். நாத்தனார் வந்தார்.

தையல்காரரும் கணவரும் நாற்காலியோடு தூக்கி மாடியேற்றினார்கள். முன்னறைவரை கொண்டுபோய், நடையின் தொடக்கத்தில் நாற்காலியை இறக்கி, பிடித்துக்கொண்டு நடக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலு கால் சட்டத்தை முன்னால் நிறுத்தினார்கள். சிப்பிக்காரி எதிரே வந்து நின்றாள். எத்தனையோ நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அண்ணி, எல்லாம் பழையபடியே இருக்கு. சோழியை அதே இடத்துல வெச்சுட்டேன். தாராளமாத் தடவிக்கிட்டுப் போங்க."

நாத்தனார் எழுந்தார். இரண்டு கையாலும் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கையை எடுக்கப் பார்த்தார். உடம்பு சாய்ந்தது. மறுபடி பிடித்துக்கொண்டார்.

"ஏதும்மா கை எனக்கு?" என்றார்.

சட்டம் வரும் என்பது சிப்பிக்காரிக்குத் தெரியும், இரண்டு கையும் அதில் போய்விடும் என்பது மட்டும் புத்தியில் ஏறவே இல்லை. சுவர் முழுக்க வழி ஒட்டி வைத்திருக்கிறாள். தொட்டுப் பார்க்கத்தான் கை இல்லை.

"முள்சங்கு?" என்று கேட்டார் நாத்தனார்.

"அதைக் கடல்ல எறிஞ்சுட்டேன் அண்ணி. பாக்கவே பிடிக்கல."

"எறிஞ்சுட்டியா? அட என்னம்மா நீ! சோழி இல்லாட்டியும் சமாளிச்சிருப்பேன். படிக்கட்டுக்கு அதுதானே காவல்? எட்டப் போன்னு சொன்னது அது ஒண்ணுதானே?"

கணவர் அப்போதுதான் பல நாளைக்குப் பிறகு அவளை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு நகர்ந்து நாத்தனாருக்கு முன்னால் போய், தன் கையைச் சுவரில் வைத்தாள். மெதுவாக நடந்தாள். பின்னால் சட்டம் 'டக், டக்' என்று வந்தது.

"விசிறிச் சிப்பி, அண்ணி. சமையலறை."

டக், டக்.

"சோழி. இடது பக்கம். குளியலறை."

நாத்தனார் நின்றார். "இன்னொண்ணையும் சொல்லு."

வலது சுவரில், சங்கைப் பெயர்த்த இடத்தில் பிளாஸ்டர் வட்டமாகச் சொரசொரத்தது. அவள் அதன்மேல் விரலை வைத்தாள்.

"இது... முள்சங்கு, அண்ணி."

"ம்," என்று நாத்தனார் இடது பக்கம் திரும்பினார்.

அன்றிலிருந்து அவள் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அதே கதைதான். நாத்தனார் எழுந்தால் போட்டது போட்டபடி முன்னால் ஓடுவாள். பசை காய்ந்தால் காயட்டும். அவள் பட்டறைக்குப் போகிற நேரத்துக்குத் தையல்காரரின் மனைவி வருவாள். அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், ஆனால் அவள் வெறுமனே, "அது படிக்கட்டுங்க," என்றுதான் சொல்வாள். நாத்தனாருக்கு அது போதும்.

அதையே சிப்பிக்காரி சொன்னால் போதாது. இடது பக்கம் சோழி என்று சொல்லி நிறுத்தினால் நாத்தனாரும் நின்றுவிடுவார். கோபமாக இல்லை, பிடிவாதமாகவும் இல்லை, பிழை விட்ட இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருக்கிற மாதிரி நிற்பார். வெறும் சுவரில் விரலை வைத்து, இல்லாத முள்சங்கை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் சட்டம் நகரும்.